மென்பொருளில் முதனூலும் வழிநூலும்

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவது நன்னூலார் கொண்ட மரபு. அவருக்கு முந்திய தொல்காப்பியனார் முதலும் வழியும் என இரண்டோடு அமைந்தார். ஆயினும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுத்துக் காட்டினார். பண்டிதப் பரீட்சைக்குப் படிப்போர் இவற்றை மனனஞ் செய்வர். பரீட்சை முடிந்ததும் மறப்பர். ஒருவன் செய்த நூலை மற்றொருவன் எடுத்து மீளச் செய்யும்போது அவ்விருவர்க்கும் இடையே உள்ள உறவு யாது, பின்னவன் முன்னவனைப்பற்றி எதனைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் வினாவே இப்பகுப்பின் உயிர்நிலை. அதனை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அவ்வினா ஏட்டுச் சுவடியோடு ஒழிந்துபோன ஒன்றன்று. கணினிக்கு நிரல் எழுதுவோரிடையே இன்று அது நாள்தோறும் எழுகின்றது. திறந்த மூலம் என்னும் கொள்கையின்படி வெளியிடப்படும் மென்பொருளின் நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், தழுவி வேறொன்று செய்யலாம், முற்றாக ஒதுக்கிவிட்டு, அதே பயனைத் தரும் புதியதொன்றை அடியிலிருந்து எழுதவும் செய்யலாம். இறுதியிற் சொன்ன இச்செயலே மிகுந்த சர்ச்சைக்கு உரியது. அதனை ஆணவம் என்பாரும் உளர். களவு என்பாரும் உளர். 2021ஆம் ஆண்டில் நிகழ்ந்த சிறியதொரு மீளாக்கத்தை எடுத்துக்கொண்டு, அஃது அவ்விரண்டும் அன்று என்றும், ஆயினும் அதனிடத்தே ஒரு குறை எஞ்சி நிற்கின்றது என்றும் காட்ட விரும்புகின்றேன்.

நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் எழுதுகருவிக்கு எடிட்டர் என்று பெயர். பத்திரிகைக் காரியாலயத்து ஆசிரியரை எவரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். இது கணினித் திரையில் விரியும் ஓர் ஏடு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டர் உலகெங்கும் பரவியுள்ளது. வெளிவந்த அவ்வாண்டின் நவம்பர் மாதத்திலேயே அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. வெளியார் எவரும் நீட்சி எனப்படும் துணை நிரல்களை எழுதி அதனோடு பொருத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. வேண்டியோர் வேண்டிய நீட்சியைத் தத்தம் எடிட்டரில் நிறுவிக்கொள்வர்.

நாம் எடுத்துக்கொண்ட நீட்சி அடைப்புக்குறிகளுக்கு வண்ணம் தீட்டுவது. இதிலென்ன பெரிய விடயம் என்று வாசகர் வினவலாம். நிரலில் வளைவு, சதுரம், நெளிவு என மூவகை அடைப்புக்குறிகள் ஓயாது பயில்கின்றன. ஓரிடத்தில் திறந்த குறி முந்நூறு வரி கடந்து மூடப்படலாம்; இடையே வேறு பல குறிகள் திறந்து, தமக்குள்ளே இன்னும் பலவற்றை அடக்கி, மூடி வரலாம். ஒரு பகுதியின் முடிவில் ஐந்தாறு மூடுகுறிகள் அடுத்தடுத்து நிற்பதும் உண்டு. எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கி வந்து பயனிலை ஈற்றில் நிற்கும் நம் பழைய உரைநடை வாக்கியத்தைப் படித்துப் பழகியவர்க்கு இத்துன்பம் புதியதன்று. எந்த எழுவாய்க்கு எது பயனிலை என்று கண் பின்னோக்கி ஓடுவதுபோல, எந்தத் திறப்புக்கு எது மூடி என்று நிரலாளர் கண்ணும் ஓடும். ஒரு குறி தவறினாலும் நிரல் இயங்காது. ஆகவே புறத்தே நிற்கும் இணைக்கு ஒரு நிறம், அதனுள்ளே நிற்கும் இணைக்கு வேறொரு நிறம், அதற்கும் உள்ளே மற்றொன்று என மாறி மாறித் தீட்டிவிட்டால், இணை எது என்பது பார்த்த மாத்திரத்தே விளங்கும்.

2016ஆம் ஆண்டில் கோன்ராட்ஸ் என்னும் பெயரில் எழுதிய ஒருவர் இப்பணியைச் செய்யும் நீட்சியொன்றை இயற்றி வெளியிட்டார். நிறுவனத்தின் ஏவலால் அன்று, தம் விருப்பினால். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 2021 செப்டெம்பர் அளவில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை அது நிறுவப்பட்டிருந்தது. அந்த எடிட்டருக்கென எழுதப்பட்ட நீட்சிகளுள் மிகுதியும் விரும்பப்பட்ட பத்தில் ஒன்றாக விளங்கியது. தம் படைப்பின் குறைகளை அவரே முதலில் உணர்ந்தவர். வேகம் போதாது, சிலவிடத்துச் சரியாகவும் இல்லை. எனவே 2018இல் அவரே அதனை மீள ஆக்கி, இரண்டாவது நீட்சியாக வெளியிட்டார். அதுவும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நிறுவல்களைக் கண்டது.

சரியாக இல்லை என்றது ஏன்? மேற்கோட் குறிகளுக்குள் நிற்கும் சொல்லிலும், நிரலாளர் தமக்குள் எழுதி வைக்கும் விளக்கக் குறிப்பிலும் அடைப்புக்குறி வரலாம். அது நிரலின் உறுப்பன்று, வெறும் எழுத்து. இவ்வேறுபாட்டை எடிட்டர் நன்கு அறியும். ஏனெனில் நிரலின் ஒவ்வொரு சொல்லையும் இன்னது இவ்வகைத்து என அது முன்னரே பகுத்து வைத்துள்ளது. ஆனால் அப்பகுப்பைக் கேட்டறியும் உரிமை நீட்சிக்கு வழங்கப்படவில்லை. வீட்டுக்காரரிடம் இருக்கும் அகராதியைத் திண்ணையில் இருப்பவர் புரட்ட முடியாத நிலை. ஆகவே இரண்டாம் நீட்சியின் ஆசிரியர், எடிட்டர் செய்யும் அதே பகுப்பு வேலையைத் தம் நீட்சிக்குள்ளும் மறுபடி செய்வித்தார். ஒரே வேலை இரண்டு தரம் நடந்தது. சரித்தன்மை கூடியது, வேகம் ஓரளவே கூடியது.

அந்தத் தாமதத்தின் அளவையும் சொல்லவேண்டும். டைப்ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் பிழைகளைச் சரிபார்க்கும் கோப்பு ஒன்றுண்டு. அப்போது அது 42,000க்கு மேற்பட்ட வரிகளைக் கொண்டிருந்தது. அதன் தலைப்பில் ஒரேயொரு திறப்புக் குறியை எழுதினால், கீழேயுள்ள குறிகள் யாவும் ஓர் அடுக்கு உள்ளே தள்ளப்படுகின்றன. நிறங்கள் யாவும் மாறவேண்டும். முதல் நீட்சி அதனைச் செய்து முடிக்க ஏறக்குறைய 10 செக்கன்கள் சென்றன. அந்நேரம் முழுவதும் நீட்சிகள் யாவும் ஒன்றாக இயங்கும் பகுதி மூச்சுத் திணறி நிற்கும். சொல்லை நிறைவு செய்து தருவது, பிழையைச் சுட்டிக் காட்டுவது முதலாய மற்றைய நீட்சிகளின் பணிகளும் அதுவரை நின்றுபோகும். பத்து வீட்டுக்கு ஒரே கிணறாக இருந்தால் ஒருவர் துலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நேர்வதே இங்கும் நேர்ந்தது.

ஆயினும் எழுதுவதும் சேமிப்பதும் தடைப்படவில்லை. இதனை ஈண்டு அழுத்திச் சொல்லவேண்டும், ஏனெனில் வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது. எடிட்டரின் முகப்பு ஓரிடத்திலும் நீட்சிகள் வேறோரிடத்திலும் தனித்தனியே இயங்குமாறு அதனை அமைத்தோர் நடுவே ஒரு மதிலை எழுப்பியிருந்தனர். நீட்சி எவ்வளவு தடுமாறினாலும் எழுதுபவர் கை தடைப்படாதிருப்பது இம்மதிலால். கிட்ஹப் நிறுவனத்தார் 2014இல் வெளியிட்ட அற்றம் என்னும் எடிட்டரில் இத்தகைய மதில் இல்லை. அங்கே துணை நிரல்கள் உள்வீட்டிலேயே நடமாடின. எதனையும் தொட்டு மாற்றின. அச்சுதந்திரம் இனிதாயிருந்தது, ஆனால் துணை நிரல்கள் மிகுந்தபோது எடிட்டர் முழுவதுமே தளர்ந்து நடந்தது. 2018இல் கிட்ஹப் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் வாங்கியது. 2022 டிசெம்பர் 15இல் அற்றம் நிறுத்தப்பட்டது. மதில் இல்லாமையே அதன் முடிவுக்கு ஒரே காரணம் என்று சொல்ல வரவில்லை. மதில் வீண்போகவில்லை என்பதற்குச் சான்றாகவே இதனைக் காட்டினேன்.

எழுதுபவரைக் காத்த அதே மதில்தான் வண்ணம் தீட்டும் நீட்சியைத் தளரவைத்தது. நிறம் எது என்று அறிய எடிட்டர் மதிலுக்கு அப்பால் ஆளனுப்பி விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். திரையை உருட்டும்போது வரிகள் முதலில் ஒரு நிறத்தில் தோன்றிச் சற்றுப் பின்னர் வேறு நிறம் கொண்டால் கண் கூசும். அதனைத் தவிர்க்க வேண்டுமாயின் கோப்பு முழுவதற்கும் உரிய நிறங்களை முன்கூட்டியே அனுப்பிவைத்தல் வேண்டும். ஒரு குறி மாறினாலும் யாவற்றையும் மறுபடி அனுப்புதல் வேண்டும். நீட்சியை எழுதியவர் எத்துணை வல்லவராயினும் இதனைக் கடத்தல் அரிது. குறை அவர் நிரலில் இல்லை. அது நின்ற இடத்தில் இருந்தது.

மைக்ரோசொப்ட் நிறுவனத்து நிரலாளர் இதனைக் கண்டறிந்தனர். நீட்சியைச் செப்பனிடாது, எடிட்டரின் உள்ளேயே அப்பணியை அடியிலிருந்து எழுதினர். 2021 ஓகஸ்ட் மாதத்துக்குரிய 1.60ஆம் பதிப்பில் அது வெளிவந்தது. முன் சொன்ன அதே கோப்பில், அதே இடத்தில், அதே குறியை இட்டால் இப்போது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமும் ஆவதில்லை. பதினாயிரம் மடங்கு விரைவு என்று அவர்கள் எழுதியது மிகையன்று.

இவ்விரைவு எங்ஙனம் கைகூடியது என்பது சுவையான கதை. இடமாற்றம் மட்டும் இதற்குக் காரணமன்று. சிந்தனை மாற்றமும் காரணம். கண்டி - யாழ்ப்பாண வீதியில் நடப்பட்ட மைற்கற்களை நினைவுகூர்வோம். ஒவ்வொரு கல்லும் கண்டியிலிருந்து தான் நிற்கும் தூரத்தைச் சொல்கின்றது என்று கொள்வோம். கண்டிப் பக்கத்தில் ஒரு மைல் வீதி புதிதாகச் சேர்க்கப்படின் வழிநெடுகிலும் உள்ள கற்கள் யாவற்றையும் அழித்து எழுத நேரும். மாறாக, அடுத்த கல்லுக்கு எத்தனை தூரம் என்பதை மட்டும் ஒவ்வொரு கல்லும் சொல்லுமாயின்? கண்டியில் ஒரு கல்லைத் திருத்தினால் போதும். ஆனையிறவுக் கல்லுக்கு அச்செய்தியே தெரியவேண்டியதில்லை. புதிய ஆக்கத்தில் அடைப்புக்குறி இணைகள் தாம் கோப்பில் எவ்விடத்தே நிற்கின்றன என்பதைக் குறித்து வைப்பதில்லை. தம் நீளம் எவ்வளவு என்பதை மட்டுமே வைத்துள்ளன. ஆகையால் முன்னே நேரும் மாற்றம் பின்னே நிற்பனவற்றைத் தீண்டாது. முன்பு பகுத்து வைத்தவை அப்படியே மறுபடி பயன்படும்.

தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கணக்குப் பார்க்கவே நேரமாகுமே என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். அதனால் அவ்விணைகளை வரிசையாக நிறுத்தாது மரமாக அடுக்கினர். ஒவ்வொரு கணுவினின்றும் இரண்டு அல்லது மூன்று கிளைகளே பிரியும். இலைகள் யாவும் ஒரே ஆழத்தில் நிற்கும். தன் கீழுள்ளவற்றின் மொத்த நீளத்தை ஒவ்வொரு கணுவும் அறியும். ஓர் இலட்சம் இலைகள் இருப்பினும் வேரிலிருந்து வேண்டிய இலையை அடையப் பதினேழு படிகளுக்குமேல் இறங்க வேண்டியதில்லை. திரையில் ஒரு வேளையில் தெரிவன ஐம்பது அறுபது வரிகளே. அவற்றுக்கு மட்டும் மரத்திடம் நிறம் கேட்டால் போதும். தெரியாதனவற்றுக்கு வண்ணம் தீட்டுவார் எவரும் இல்லை.

இனி, ஆணவம் என்பாரின் வாதத்தைப் பார்ப்போம். அடியிலிருந்து மீள எழுதுதல் மென்பொருள் நிறுவனம் ஒன்று செய்யக்கூடிய தவறுகளுட் கொடியது என்று ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை நிரலாளரிடையே மிகப் பிரசித்தம். நெற்ஸ்கேப் நிறுவனம் 1998இல் தன் இணைய உலாவியின் மூல நிரலைத் திறந்துவிட்டது. பின்னர்ப் பழையதை ஒதுக்கிப் புதிதாக எழுதப் புகுந்தது. நான்காம் பதிப்புக்குப் பின் ஐந்தாவது வெளிவரவேயில்லை. ஆறாவது 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்தபோது சந்தை கைநழுவிப் போயிருந்தது. பழைய நிரலில் அலங்கோலமாகத் தோன்றும் ஒவ்வொரு வரியும் ஒருகாலத்தில் கண்டு திருத்திய ஏதோவொரு பிழையின் தழும்பு. அதனை எறிபவன் அவ்வறிவையும் எறிகின்றான் என்பது ஸ்போல்ஸ்கியின் வாதசாரம். இதில் பெரும்பகுதி உண்மை. நெற்ஸ்கேப்பின் அந்த மீளெழுத்திலிருந்தே 2004இல் பயர்பொக்ஸ் பிறந்தது என்பதும் உண்மை. ஆனால் அது தாய்க்கு உதவவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பிரெட் புரூக்ஸ் நிற்கின்றார். ஒரு முறையை எழுதி எறிந்துவிட்டு மறுபடி எழுதவே திட்டமிடுக, எப்படியும் அதுவே நிகழும் என்று 1975இல் வெளியான தம் நூலில் அவர் சொன்னார். இருபதாண்டு கழித்து 1995இல் வந்த பதிப்பில், அக்கூற்று விடயத்தை மிகவும் எளிமையாக்கிவிட்டது என்று தாமே அதனைத் திருத்திக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே மறுக்கும் பெருமனம் நம் விமர்சகர்களிடத்தும் சற்றுப் பெருகினால் நன்றாயிருக்கும், அது நிற்க.

இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தி வாதிடுவதிற் பயனில்லை என்பது என் கருத்து. குறை எங்கே உளது என்று காட்டிய பின்னரே மீள எழுதும் உரிமை பிறக்கின்றது. நிரல் அழகாயில்லை, எனக்கு விளங்கவில்லை, என் கையெழுத்தில் இருந்தால் நன்று என்பன காரணங்கள் ஆகா. 2016இலும் 2018இலும் முதல் ஆசிரியர் இரு தடவை முயன்று, அந்த இடத்தில் நின்றுகொண்டு இதற்குமேற் செய்ய இயலாது என்பதைத் தம் உழைப்பாலேயே நிறுவிக் காட்டியிருந்தார். அவர் முயன்றிராவிடின் பின்வந்தோர் மதிலின் தடையை இத்துணைத் தெளிவாக அறிந்திருக்க மாட்டார். பல இலட்சம் பேர் இவ்வண்ணத்தை விரும்புவர் என்பதும் தெரிந்திராது. ஸ்போல்ஸ்கி அஞ்சியது போல இங்கே பழைய அறிவு எறியப்படவில்லை. நிரல் எறியப்பட்டது, அறிவு எடுக்கப்பட்டது.

எடுக்கப்பட்டது என்றதும் களவு என்பார் எழுந்து நிற்பர். அவர் கையிலும் சான்று உண்டு. கரேலியா என்னும் சிறு நிறுவனம் 2001இல் வொட்சன் என்றொரு மென்பொருளை விற்றது. மறு ஆண்டில் அப்பிள் நிறுவனம் தன் இயங்குதளத்தோடு ஷேர்லொக் 3 என்பதனை இலவசமாக வழங்கியபோது, வொட்சன் செய்த பணிகளில் மிகப் பலவற்றை அது செய்தது. பெரிய நிறுவனம் சிறியோரின் கருத்தை விழுங்குவதற்கு, நிரலாளர் பேச்சில், ஷேர்லொக்கின் பெயரே வினைச்சொல்லாக நிலைத்துவிட்டது. அடைப்புக்குறி விடயமும் அத்தகையதே என்று சிலர் கூறலாம்.

பதிப்புரிமைச் சட்டம் எழுதிய எழுத்தைக் காக்கும், எண்ணத்தைக் காக்காது. பழைய நிரலிலிருந்து வரிகளை எடுத்தாள்பவன் உரிமக் குறிப்பையும் உடன் எடுத்துச் செல்லக் கடமைப்பட்டவன். அடியிலிருந்து எழுதுபவனுக்கு அக்கடமையும் இல்லை. சட்டத்தின் கண்ணில் முன்னவனும் பின்னவனும் அந்நியர். சட்டம் வாய்மூடும் இவ்விடத்திலேயே நம் இலக்கண மரபு வாய்திறக்கின்றது. நூலுக்கு முகமாக நிற்கும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூறவேண்டும் என்றார் நன்னூலார். ஆக்கியோன் பெயரை அடுத்து அவர் வைத்தது வழி. அஃதாவது, இந்நூல் எதன் வழியே வந்தது என்னும் செய்தி. நூலின் பயனும் பொருளும் அதற்குப் பின்னர்த்தான். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் இவற்றோடு சேர்த்து எண்ணுவாரும் உளர் என்றும் அவர் குறித்தார்.

2021 செப்டெம்பர் 29இல் இம்மீளாக்கத்தை விளக்கி ஹென்னிங் டீட்டரிக்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தொடக்கத்திலேயே கோன்ராட்ஸின் பெயர் வருகின்றது. 2016இல் அவர் செய்ததும் 2018இல் மீளச் செய்ததும் பாராட்டோடு சொல்லப்படுகின்றன. அதே பணியைச் செய்யும் வேறு சில நீட்சிகளின் பெயர்களும் உள. தாமதத்துக்குக் காரணம் நீட்சியை எழுதியவரின் திறக்குறைவன்று, எடிட்டர் வகுத்த எல்லையே என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொள்கின்றனர். அதன் பின்னரே மரமும் நீளமும் வருகின்றன. டீட்டரிக்ஸ் நன்னூல் படித்தவர் அல்லர். ஆயினும் வழியும் காரணமும் சொல்லித் தொடங்கினார். சட்டம் கேளாத இடத்தில் இதனைச் செய்தமையால் இதனைக் களவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கு ஓர் இடையீடு. கோன்ராட்ஸும் முதனூலாசிரியர் அல்லர். அடைப்புக்குறிக்கு அடுக்குக்கேற்ப நிறந்தீட்டும் வழக்கம் ஈமாக்ஸ், விம் ஆகிய பழைய எடிட்டர்களைக் கையாள்வோரிடையே 2016க்கு முன்னரே உண்டு. குறிகள் மலிந்த லிஸ்ப் மொழியில் எழுதுவோர்க்கு அது கண்கண்ட மருந்து. முதனூல் செய்தற்கு உரியவன் வினையின் நீங்கிய முனைவன் ஒருவனே என்று நம் முன்னோர் வரையறுத்ததன் நுட்பம் இப்போது விளங்குகின்றது. மனிதர் செய்வன யாவும் வழிநூல்களே.

முதல் ஆசிரியர் என் செய்தார்? எடிட்டருக்குள்ளேயே இவ்வசதி வந்துவிட்டது, அது தம் நீட்சியிலும் பன்மடங்கு விரைவானது என்று தம் நீட்சியின் முகப்பில் எழுதிவைத்தார். இனித் தாம் அதனைப் பராமரிப்பதில்லை என அறிவித்து, மூல நிரலைக் காப்பகப்படுத்தினார். இப்போது அதனை எவரும் வாசிக்கலாம், எதுவும் எழுதமுடியாது. ஐந்து ஆண்டுகள் வளர்த்த ஒன்றை, கசப்புச் சொல் ஒன்றும் இன்றி, பின்வந்தது சிறந்தது என்று சொல்லி மூடிவைத்தல் எளிதன்று. தம் பழைய உரையைவிட மாணாக்கன் எழுதிய உரை தெளிவானது என்று முன்னுரையில் எழுதும் ஆசிரியரை நம் காலத்தில் தேடித்தான் காணவேண்டும்.

எஞ்சி நிற்கும் குறை என்று தொடக்கத்திற் சொன்னதை இனிச் சொல்கின்றேன். மதிலுக்கு உள்ளே கட்டும் ஆற்றல் வீட்டுக்காரருக்கே உண்டு. மூல நிரல் திறந்திருக்கின்றது. யாரும் உள்ளே ஓர் அறை கட்டித் தருகின்றேன் என்று விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏற்பதும் விடுப்பதும் வீட்டுக்காரர் விருப்பம். 2016இல் திண்ணையில் தொடங்கிய வேலை உள்வீட்டுக்குச் செல்ல 2021 வரை ஆயிற்று. அவ்வைந்தாண்டும் தம் நேரத்தைச் செலவிட்டு, எடிட்டர் செய்யும் அதே வேலையைத் திண்ணையிலிருந்து இரண்டாந்தரம் செய்து, தாமதத்துக்காகக் குறை கேட்டவர் முதல் ஆசிரியர். மேலும், உள்ளே அறை கட்டியபோது இந்த ஒரு பணிக்கே கட்டினர். நீட்சி எழுதுவோர் எல்லோரும் அந்த அகராதியைப் புரட்டுவதற்கு ஒரு சாளரம் அவ்வேளையில் திறக்கப்படவில்லை. அத்தகைய சாளரம் இருந்தாலும் நிறம் தீட்டும் பணிக்கு அது முற்றும் போதாது என்று அவர்கள் விளக்கியது ஏற்கத்தக்கதே. ஆனால் நிறம் தீட்டுவது மட்டுமா நீட்சிகளின் பணி? எது சொல், எது குறிப்பு, எது மேற்கோள் என்று அறியவேண்டிய வேறு நீட்சிகள் எத்தனையோ உள. அவற்றின் ஆசிரியர்க்கு அறுபது இலட்சம் நிறுவல்கள் இல்லை. ஆகவே அவர் வேலை உள்வீட்டுக்கு அழைக்கப்படவும் மாட்டாது. திறந்த மூலம் என்பதில் திறந்திருப்பது எழுத்து மட்டும்தானா, வாசலுமா என்று கேட்க அவர்க்கு உரிமை உண்டு. பாராட்டுரை அவ்வினாவுக்கு விடையாகாது.

மீளாக்கத்தின் தொடக்கத்தில் பயன்படுத்துவோர்க்கும் சில இழப்புகள் இருந்தன. பழைய நீட்சியில் விரும்பியவாறு மாற்றிக்கொள்ளத்தக்க வசதிகள் மிகப் பல. புதியது முதலில் மிகச் சிலவற்றோடு வந்தது. திறப்பையும் மூடியையும் இணைக்கும் செங்குத்துக் கோடுகள் அடுத்த 1.61ஆம் பதிப்பிலேயே சேர்ந்தன. 2022 ஏப்ரல் மாதத்துக்குரிய 1.67ஆம் பதிப்பு முதல் இவ்வசதி, கேளாமலே, எல்லோர்க்கும் இயல்பாகக் கிடைக்கலாயிற்று. பழைய நீட்சியை இன்னும் வைத்திருப்போரின் எடிட்டரில் அதன் பெயர்மேல் ஒரு கோடு விழுந்து, இது வழக்கொழிந்தது என்ற குறிப்பும் தோன்றும்.

கோன்ராட்ஸின் நீட்சி, ஒருவரும் எதையும் மாற்றாதவிடத்து, புற இணைக்குப் பொன்னிறமும் அடுத்ததற்கு ஓர்க்கிட் மலரின் ஊதாவும் அதற்கடுத்ததற்கு நீலமும் தீட்டியது. புதிய ஆக்கத்தை இருண்ட திரையில் திறந்து பார்த்தேன். பொன், ஊதா, நீலம். மூன்றாவதன் நீலம் மட்டும் சற்று அழுத்தமாயிருக்கின்றது.